மாடியில் ஒரு ஆப்பெரா: அமெரிக்கச் சின்ன ஊர் அரங்கின் கதையைத் தோண்டி எடுப்பது எப்படி

நெப்ராஸ்கா, ஐயோவா, வெர்மான்ட் மாதிரி ஏதாவது ஒரு மாநிலத்தில், ரெண்டாயிரம் மூவாயிரம் பேர் இருக்கிற ஊரில் குடியிருக்கிறீர்கள், இல்லை நெடுந்தூரப் பயணத்தில் காபிக்காக அப்படி ஒரு ஊரில் வண்டியை நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு செங்கல் கட்டடம். கீழே பழைய சாமான் கடை, மேலே ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் 'ஆப்பெரா ஹவுஸ்' என்று செதுக்கி, பக்கத்தில் 1880-களில் ஏதோ ஒரு வருடம். சோளக்காட்டுக்கு நடுவில் ஆப்பெராவா, அதாவது மேற்கத்திய இசை நாடகமா? யார் பாடினார்கள், யார் உட்கார்ந்து கேட்டார்கள்?

இந்தக் கேள்வியோடு ஊர் நூலகத்துக்குப் போனால், ஊரின் நூற்றாண்டு விழாவுக்குப் போட்ட மலரை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் அரைப் பக்கம் இருக்கும். அதில் பாதி பெருமை, கால்வாசி யாரோ சொன்ன கதை. நானும் முதலில் அதைத்தான் நம்பி, நாலு பேரிடம் சொல்லி, அப்புறம் அசடு வழிந்தேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: பெருமைக்காக எழுதியவன் காகிதத்தைக் கடைசியில் படி, பணம் போட்டவன் எழுதிய காகிதத்தை முதலில் படி. தீ விபத்துக் காப்பீடு கொடுத்தவன், நாடகக் குழுவைக் கூட்டிவந்து கூலி கொடுக்க வேண்டியவன், நிலத்தை அடமானம் பிடித்தவன், இவர்களுக்கெல்லாம் அந்த அரங்கைப் பற்றிப் பொய் எழுதிக்கொள்வதில் லாபமே இல்லை. கீழே சொல்வதெல்லாம் அந்த வழிதான். பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே, காசு செலவில்லாமல் செய்யலாம்.

முதல் வேலை, 'ஆப்பெரா' என்ற சொல்லைத் தூக்கி ஓரமாக வைப்பது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சின்ன ஊர்களில் தேவாலயத்தின் பிடி இறுக்கமானது. தியேட்டர் என்றாலே குடி, சூது, ஒழுக்கக்கேடு என்று முகம் சுளிப்பார்கள். 'ஆப்பெரா ஹவுஸ்' என்று பெயர் வைத்தால் அது கலை, நாகரிகம், குடும்பத்தோடு போகலாம். அவ்வளவுதான் சூட்சுமம். உண்மையான ஆப்பெரா அந்த மேடைகளில் எப்போதாவது எட்டிப்பார்த்திருக்கும், பல மேடைகளில் அதுகூட இல்லை. நடந்ததெல்லாம் கண்ணீர் நாடகம், மந்திரவாதி, சொற்பொழிவாளர், தேர்தல் கூட்டம், பள்ளிப் பட்டமளிப்பு, கல்யாண நடனம், உருளைச் சக்கர ஸ்கேட்டிங், பிற்பாடு கூடைப்பந்து ஆட்டம்கூட. தரை சரிவில்லாமல் சமமாக, நாற்காலிகள் தூக்கி வைக்கிற மாதிரி இருந்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே தேடும்போது 'இங்கே என்ன ஆப்பெரா நடந்தது' என்று தேடாதீர்கள், 'சனிக்கிழமை ராத்திரி இந்த மாடியில் என்ன நடந்தது' என்று தேடுங்கள்.

அடுத்தது கட்டடத்தையே பார்ப்பது. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும், கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அரங்கு பெரும்பாலும் மாடியில்தான் இருக்கும். கீழே இரும்புச் சாமான் கடை, துணிக்கடை, வங்கி என்று வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையில் மேலே உள்ள அரங்கை ஓட்டினார்கள். வியாபாரக் கணக்கு சரியாகப் போட்டவர்கள். மாடி ஜன்னல்கள் பக்கத்துக் கட்டடத்து ஜன்னல்களைவிட நெட்டையாக இருக்கிறதா? கடை வாசல்களுக்கு நடுவில் தனியாக ஒரு அகலமான கதவு, உள்ளே நேராக ஏறும் படிக்கட்டு இருக்கிறதா? பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பாருங்கள், மாடி உயரத்தில் அந்தரத்தில் ஒரு பெரிய கதவு இருந்தால், அது சீன் சாமான்களைக் கயிறு கட்டி ஏற்றிய கதவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள் ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் மேடை அந்தப் பக்கம் இருந்திருக்கலாம். சுவரில் இரும்புப் படி தொங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு சோகமான கதை உண்டு, பிறகு சொல்கிறேன்.

உச்சியில் செதுக்கிய வருடத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள். அது கட்டத் தொடங்கிய வருடமாக இருக்கலாம், முடித்த வருடமாக இருக்கலாம், முன்னால் எரிந்துபோன கட்டடத்தின் வருடத்தைப் புதுக் கட்டடத்தில் போட்டிருக்கவும் கூடும்.

இப்போது கணினியைத் திறக்கலாம்.

முதலில் சான்போர்ன் வரைபடங்கள். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். டேனியல் ஆல்ஃபிரட் சான்போர்ன் என்ற நில அளவையாளர் 1867-இல் தொடங்கிய நிறுவனம் இது. தீ விபத்துக்குக் காப்பீடு கொடுக்கிற கம்பெனிகளுக்கு ஒவ்வொரு ஊரின் ஒவ்வொரு கட்டடமும் எதனால் கட்டியது, எவ்வளவு உயரம், உள்ளே என்ன வியாபாரம், பக்கத்தில் எரியக்கூடிய பொருள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? ஆள் அனுப்பி, நடந்து அளந்து, வரைந்து விற்றார்கள். சுமார் 12,000 ஊர்கள். சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வந்து புதுப்பித்தார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இவற்றில் பெரும்பகுதியை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. மாநிலத்தின் பெயர், ஊரின் பெயர், வருடம், அவ்வளவுதான் தேட வேண்டியது.

படிக்கக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். இளஞ்சிவப்பு நிறம் என்றால் செங்கல். மஞ்சள் என்றால் மரச்சட்டம். நீலம் என்றால் கல். ஓர் அங்குலம் ஐம்பது அடி. கட்டடத்தின் மூலையில் இருக்கும் சிறிய எண் எத்தனை தளம் என்பது. 'எஸ்' என்ற எழுத்து கடை, 'டி' என்றால் குடியிருப்பு. உங்கள் கட்டடத்தைக் கண்டுபிடித்ததும் பெரிதாக்கிப் பாருங்கள்: கீழ்த் தளத்தில் என்ன கடை, ஆப்பெரா ஹவுஸ் எத்தனாவது தளம், மேடை எந்தப் பக்கம், சீன் எங்கே வைத்திருக்கிறார்கள், சூடேற்ற அடுப்பா நீராவியா, விளக்கு எண்ணெயா வாயுவா மின்சாரமா, எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். தீப்பிடிக்கிற சாத்தியத்தைக் கணக்குப் போட வந்தவன் ஆகையால் விளக்கும் அடுப்பும் அவனுக்கு உயிர். அலங்கார வளைவு பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டான்.

விஷயம் ஒரு படத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. 1886, 1892, 1899, 1909 என்று கிடைக்கிற படத்தையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு படத்தில் காலிமனை, அடுத்ததில் அரங்கு, அதற்கடுத்ததில் எண்ணெய் விளக்கு போய் மின்விளக்கு, பிறகு 'மூவிங் பிக்சர்ஸ்' (சினிமாதான்) என்று சின்ன எழுத்து, கடைசியில் மேல் தளத்தில் ஒன்றுமே எழுதாமல் வெறுமை. ஒரு வரிகூடப் படிக்காமல் அந்த அரங்கின் ஜாதகம் கையில் வந்துவிடும்.

இரண்டாவது ஆவணம் நாடகக்காரர்களுடையது. ஜூலியஸ் கான் என்பவர் 1896 முதல் வருடாவருடம் ஒரு நாடக வழிகாட்டி வெளியிட்டார். ரயிலில் ஊர் ஊராகக் குழுவை ஓட்டுகிற மேலாளர்களுக்கானது. ஊரின் மக்கள்தொகை, அரங்கில் எத்தனை இருக்கை, டிக்கெட் விலை, விளக்கு என்ன வகை, மேடை வாயின் அகலம் உயரம், முன்விளக்கு வரிசையிலிருந்து பின்சுவர் வரை எத்தனை அடி, அரங்கு தரைத்தளமா மாடியா, ஊரில் என்ன பத்திரிகை, எந்த விடுதியில் தங்கலாம், எந்த ரயில் பாதை, இவ்வளவையும் பொடி எழுத்தில் அடுக்கியிருப்பார்கள். பல வருடத்துப் பிரதிகள் ஹாத்தி டிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இரண்டு இணைய நூலகங்களிலும் கிடைக்கும். ஊர் மலரில் 'ஆயிரம் பேர் அமரும் பிரம்மாண்ட அரங்கு' என்று இருக்கும், இந்த வழிகாட்டியில் நானூற்றுச் சொச்சம் என்று இருக்கும். எதை நம்புவது என்று கேட்கவே வேண்டாம். ஆனால் ஓர் எச்சரிக்கை, இருக்கை எண்ணிக்கையை அனுப்பியது அந்தந்த ஊர் அரங்கின் மேலாளர்தான், குழுவை இழுக்க அவரும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். மேடை அளவுகளில் அப்படி விளையாட முடியாது, படுதா பொருந்தாமல் போனால் வந்தவன் சட்டையைப் பிடிப்பான்.

எந்த ரயில் என்ற தகவலை அலட்சியம் செய்யாதீர்கள். ஊருக்கு அரங்கு வந்ததே ரயிலால்தான். இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே பாதை ஓடினால், அங்கே சனிக்கிழமை, இங்கே திங்கட்கிழமை ஆட்டம் என்றால், நடுவில் சும்மா இருக்கிற ராத்திரிக்கு உங்கள் ஊரில் இறங்கி ஆடிவிட்டுப் போவார்கள். ஒரு ராத்திரி ஆட்டம். அப்படியில்லாமல் ஒரு வாரம் முழுக்க டேரா போட்டு ராத்திரிக்கு ஒரு நாடகம் போட்ட மலிவு விலைக் குழுக்களும் இருந்தன. டிக்கெட் பத்து, இருபது, முப்பது சென்ட். அந்த வகைக் குழுக்களுக்கே 'பத்து-இருபது-முப்பது' என்றுதான் பெயர். பத்திரிகை விளம்பரத்தில் இந்த மூன்று எண் தென்பட்டால் என்ன மாதிரிக் குழு என்று உடனே பிடித்துவிடலாம். 1896-இல் சில பெரிய மேலாளர்கள் கூட்டுச் சேர்ந்து, நாடு முழுக்க எந்தக் குழு எந்த அரங்கில் ஆடலாம் என்பதைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள், சிண்டிகேட் என்று பெயர். உங்கள் ஊர் அரங்கில் அந்த வருடத்துக்குப் பிறகு திடீரென்று நல்ல குழுக்கள் வருவது நின்றாலோ கூடினாலோ, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது பத்திரிகைகள். குரோனிக்ளிங் அமெரிக்கா என்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இலவசச் சேகரம் இருக்கிறது, 1963 வரையிலான பழைய பத்திரிகைகள். தேடல் பெட்டியில் 'ஆப்பெரா ஹவுஸ்' என்று ஆங்கிலத்தில் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும், பாதி வேறு ஊருடையது. எழுத்துகளைக் கணினியே படித்து வைத்திருப்பதால் மங்கிய அச்சில் 'ஆப்பெரா' என்பது கண்டபடி சிதைந்தும் போயிருக்கும். நான் செய்வது இது: அரங்கின் பெயரை விட்டுவிட்டு, முன்பதிவு டிக்கெட் எந்தக் கடையில் விற்றார்கள் என்பதைத் தேடுவேன். பல ஊர்களில் அது மருந்துக்கடை. அந்தக் கடைக்காரர் பெயர் கிடைத்துவிட்டால் அதைப் போட்டுத் தேடினால் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும்.

சின்ன ஊர்ப் பத்திரிகை என்றால் வாரப் பத்திரிகை. அதன் ஆசிரியருக்கு ஓசி டிக்கெட் போகும். ஆகவே ஆட்டத்துக்கு முந்தைய வாரம் 'இந்த மாகாணமே கண்டிராத குழு' என்று எழுதியிருப்பார், அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். அடுத்த வார இதழைத் திறந்து, ஆட்டம் நடந்ததா என்று பாருங்கள். சத்தமே இல்லையென்றால் ரயில் பனியில் மாட்டியிருக்கலாம், குழு நடுவழியில் கலைந்திருக்கலாம், மேலாளர் வசூலோடு கம்பி நீட்டியிருக்கலாம் (மூன்றாவதும் நடக்காத காரியம் இல்லை). அந்தக் குழு உண்மையில் அந்த வாரம் எங்கே இருந்தது என்று உறுதி செய்ய நியூயார்க் கிளிப்பர் என்ற கேளிக்கைத் தொழில் பத்திரிகை உதவும், குழுக்கள் எந்தத் தேதியில் எந்த ஊர் என்று வாராவாரம் பட்டியல் போட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பத்திரிகைச் சேகரத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

சரி, பெரிய மனிதர்கள் கதைக்கு வருவோம். ஊரில் யாரைக் கேட்டாலும் 'எங்கள் அரங்கில் இன்னார் ஆடினார்' என்று ஒரு பெயர் சொல்வார்கள். மறுக்காதீர்கள், கூட்டிக் கழித்துப் பாருங்கள். லிங்கன் 1865-இல் சுடப்பட்டார், 1880-இல் கட்டிய அரங்கில் அவர் பேசியிருக்க முடியாது. பாடகி ஜென்னி லிண்ட் அமெரிக்காவில் சுற்றியது 1850 முதல் 1852 வரைதான். எழுத்தாளர் மார்க் ட்வைன் என்றால் 1884-85 குளிர்காலமா, 1895 கோடையில் கிளீவ்லாந்திலிருந்து மேற்கே வான்கூவர் வரை போன பயணமா என்று பாருங்கள், இவருடைய பயணங்கள் நாள்வாரியாகக் கிடைக்கின்றன.

சில கதைகள் உண்மையாகவும் இருக்கும், அதுதான் வேடிக்கை. கொலராடோவின் லெட்வில் என்ற வெள்ளிச் சுரங்க ஊர், பத்தாயிரம் அடிக்கு மேலே மலையில் இருக்கிறது. வெள்ளியில் பணம் பார்த்த ஹொரேஸ் டேபர் 1879 நவம்பரில் அங்கே ஓர் ஆப்பெரா ஹவுஸைத் திறந்தார், இன்றும் நிற்கிறது. 1882 ஏப்ரலில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் அங்கே வந்து சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கலையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். கட்டுக்கதை மாதிரி இருக்கிறது, ஆனால் நடந்தது, அன்றைய பத்திரிகைகளில் இருக்கிறது. ஆனால் அதன் வால் வேறு. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினியின் சுயசரிதையை வாசித்துக் காட்டியதாகவும், அவரை ஏன் கூட்டிவரவில்லை என்று கூட்டத்தார் கேட்டதாகவும், அவர் செத்துவிட்டார் என்றதும் 'யார் சுட்டது?' என்று கேட்டதாகவும் வைல்டே பிற்பாடு சொன்னார். இதற்குச் சாட்சி அவர் ஒருவர்தான், அவரோ ஜோக்குக்குப் பேர்போனவர். ஆகவே எழுதும்போது 'வைல்ட் வந்தார்' என்பதை உண்மையாகவும் 'யார் சுட்டது' என்பதை வைல்டின் வாய்மொழியாகவும் பிரித்து எழுதுங்கள். இரண்டையும் ஒரே குரலில் எழுதினால் உங்கள் கட்டுரையும் நூற்றாண்டு மலராகிவிடும்.

பிரபலங்கள் வராத அரங்குதான் பெரும்பாலும் நம் கையில் இருக்கும், அதில் குறை ஒன்றுமில்லை. நெப்ராஸ்காவில் ரெட் கிளவுட் என்ற ஊர், இன்றைக்கு ஆயிரம் பேர்கூட இல்லை. 1885-இல் அங்கே கட்டிய ஆப்பெரா ஹவுஸும் இதே மாதிரி, கீழே இரும்புக்கடை, மேலே அரங்கு. 1890-இல் அந்த ஊர்ப் பள்ளியில் பட்டம் பெற்ற மாணவர்கள் மொத்தமே மூன்று பேர், பட்டமளிப்பு நடந்தது இந்த மாடியில். மூவரில் ஒரு பெண் மேடையேறிப் பேசினாள். பிற்காலத்தில் நாவலாசிரியையாக உலகம் அறிந்த வில்லா கேதர்தான் அந்தப் பெண். நாடகக் குழு வந்து இறங்குவதைப் பார்க்கச் சிறுவர்கள் ரயில் நிலையத்துக்கு ஓடியதை அவர் வெகுகாலம் கழித்தும் மறக்கவில்லை. அரங்கைப் புதுப்பித்து 2003-இல் மறுபடி திறந்தார்கள். ஒரு நடிகர் வந்தார் என்பதைவிட, அந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த மாடியில் என்ன செய்தார்கள் என்பது எவ்வளவு கனமாக இருக்கிறது பாருங்கள். ஆகவே பள்ளிப் பட்டமளிப்பு நிகழ்ச்சி நிரல்களைக் கட்டாயம் தேடுங்கள், பழைய குடும்ப ஆல்பங்களுக்கு நடுவில் செருகிக் கிடக்கும்.

நிலப் பதிவுகளுக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றக் கட்டடத்தில் பத்திரப் பதிவு அலுவலகம் இருக்கும். நம்மூரில் வில்லங்கம் பார்ப்போமே, அதே வேலை: இன்றைய உரிமையாளர் பெயரில் தொடங்கி, யாரிடமிருந்து வாங்கினார், அவர் யாரிடமிருந்து என்று பின்னோக்கிப் போக வேண்டும். விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை என்று இரண்டு தடித்த பதிவேடுகள். அடமானங்களையும், கூலி பாக்கிக்காகக் கொத்தனார் தச்சர் போட்ட உரிமைக் கோரிக்கைகளையும் விடாதீர்கள். கட்டிய தேதி அங்கேதான் துல்லியமாக மாட்டும், கூலி கிடைக்காதவன் தேதியை மறக்க மாட்டான். சில ஊர்களில் அரங்கு தனியாருடையதே இல்லை, நகர மன்றமே கட்டியிருக்கும். இல்லினாயின் வுட்ஸ்டாக் ஊரில் 1889-இல் கட்டிய ஆப்பெரா ஹவுஸில் நூலகம், நகர மன்ற அறை, தீயணைப்புப் படை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பிற்காலத்தில் சினிமா இயக்குநராகப் பேர்பெற்ற ஆர்சன் வெல்ஸ் 1934-இல், 19 வயதில், ஆடியதும் அங்கேதான். அப்படிப்பட்ட ஊர் என்றால் நகர மன்றக் கூட்டக் குறிப்புகள் பொக்கிஷம், எந்தக் குழுவிடம் எவ்வளவு உரிமக் கட்டணம் வாங்கினார்கள் என்பதுவரை இருக்கும்.

தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் உங்கள் கட்டடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1966-இல் வந்த சட்டத்தால் உருவான பதிவேடு அது, விண்ணப்பப் படிவங்களை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நல்ல படிவம் என்றால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. ஆனால் ஆரம்ப காலப் படிவங்கள் சில இரண்டே பக்கம், ஊர்க் கதையை அப்படியே அரசாங்கத் தாளில் எழுதியவை.

இனி அந்த இரும்புப் படி. 1903 டிசம்பர் 30, சிகாகோவில் இரோக்வா தியேட்டர் பகல் காட்சியில் தீப்பிடித்து 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். திறந்து ஆறு வாரம்கூட ஆகாத, தீயே பிடிக்காது என்று விளம்பரம் செய்த கட்டடம். அது பெருநகரம். 1908 ஜனவரி 13, பென்சில்வேனியாவில் பாயர்டவுன் என்ற சின்ன ஊர், நாம் பேசிக்கொண்டிருக்கிற அதே மாதிரி மாடி அரங்கு, ரோட்ஸ் ஆப்பெரா ஹவுஸ். தேவாலயத்தைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்களே போட்ட நாடகம். படக்காட்சி விளக்கு உஸ்ஸென்று இரைந்ததில் கூட்டம் மிரண்டது, மேடை முன்னால் வரிசையாக வைத்திருந்த மண்ணெண்ணெய் விளக்குகள் கவிழ்ந்தன. வெளியே போகும் வழி குறுகல், ஓடி வந்தவர்களின் நெரிசலில் கதவைத் திறக்க முடியவில்லை. சுமார் 170 பேர் இறந்தார்கள். ஊரில் அநேகமாக ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்தவர் ஒருவராவது அதில் இறந்திருப்பார். இதற்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக வெளியேறும் வழி, இரும்புப் படி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்று கெடுபிடி செய்யத் தொடங்கின. உங்கள் கட்டடத்தில் படி எப்போது வந்தது என்று சான்போர்ன் படத்திலோ மன்றக் குறிப்பிலோ கண்டுபிடியுங்கள். 1904-க்கோ 1908-க்கோ ஓரிரு வருடத்துக்குள் வந்திருந்தால் காரணம் புரியும். படி போடக் காசில்லாமல் மூடிவிட்ட மாடி அரங்குகளும் உண்டு.

சினிமா வந்துதான் எல்லாம் அழிந்தது என்று எல்லோரும் எழுதுவார்கள், முழுக்கச் சரியில்லை. 1896-க்குப் பிறகு ஊர் ஊராக வந்த சினிமாக்காரர்கள் படம் காட்டியதே இந்த ஆப்பெரா ஹவுஸ்களில்தான். நம்மூரில் நாடகக் கொட்டகைகள் பல டாக்கீஸ் ஆன மாதிரி, இவையும் கொஞ்ச காலம் இரண்டு தொழிலும் பார்த்தன. 1905-க்குப் பிறகு ஐந்து சென்ட் சினிமாக் கொட்டகைகள் தெருமட்டத்தில், மாடி ஏறாமல் உள்ளே போகிற மாதிரி வந்தபோதுதான் அடி விழுந்தது. கார் வந்ததும் ஜனங்கள் பெரிய ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். உங்கள் ஊரில் இதில் எது முதலில் நடந்தது என்று தேதி போட்டுப் பாருங்கள், பொதுக் காரணத்தை அப்படியே ஒட்டாதீர்கள்.

கசப்பான பக்கத்தையும் விடக் கூடாது. அந்த மேடைகளில் வருடாவருடம் ஆடிய நிகழ்ச்சிகளில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் ஆட்டம் தவறாமல் இருக்கும். தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிப் படிக்கட்டு, மேல் பால்கனியில் தனி இடம். இரண்டாவது படிக்கட்டு ஏன் என்று கேட்டால் ஊர்ப் பெரியவர் பேச்சை மாற்றுவார். வரைபடம் மாற்றாது.

உள்ளே போக அனுமதி கிடைத்தால், உரிமையாளரோடு சேர்ந்து, பகலில், முகமூடி போட்டு, தரையைத் தட்டிப் பார்த்துப் பார்த்துக் கால் வையுங்கள், புறா எச்சமும் இற்றுப்போன பலகையும் விளையாட்டில்லை. மேடைக்குப் பின்னால் உள்ள சுவர்களில் டார்ச் அடியுங்கள். வந்துபோன நடிகர்கள் பெயர், குழு, தேதி எழுதிவிட்டுப் போகிற பழக்கம் இருந்தது, பென்சிலிலும் கரியிலும் இன்னும் இருக்கும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கொடுத்துப் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.

அதிர்ஷ்டம் இருந்தால் பரணிலோ மேடைக்கு மேலேயோ சுருட்டிய படுதா ஒன்று கிடக்கும். ஆசையில் பிரித்துவிடாதீர்கள்! பருத்தித் துணியில் வண்ணப்பொடியைப் பசையில் குழைத்துத் தீட்டியது, மடிப்பில் உதிரும், ஈரத்துணி பட்டால் கரைந்தே போகும். வெர்மான்ட் மாநிலத்தில் மட்டும் இப்படிப்பட்ட பழைய படுதாக்கள் நூற்றுக்கு மேல் கண்டுபிடித்துப் பழுதுபார்த்திருக்கிறார்கள், அந்த மாதிரி ஆட்களைக் கூப்பிடுங்கள். கனடா எல்லைக்கோடு உள்ளேயே ஓடுகிற, 1904-இல் திறந்த ஹாஸ்கெல் ஆப்பெரா ஹவுஸும் அந்த மாநிலத்து எல்லையில்தான் இருக்கிறது, மேடை கனடாவில், பெரும்பாலான இருக்கைகள் அமெரிக்காவில்.

சில படுதாக்களில் நடுவே வெனிஸ் நகரமோ ஏரியோ தீட்டி, சுற்றிலும் உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் கட்டம் கட்டமாக இருக்கும். அது கிடைத்தால் தேதி கண்டுபிடிப்பது சுலபம். பத்திரிகை விளம்பரங்களில் ஒவ்வொரு கடையும் எப்போது தொடங்கியது, எப்போது மூடியது, எப்போது கூட்டாளி மாறியது என்று பாருங்கள். எல்லாக் கடையும் ஒரே பெயரில் ஒன்றாக உயிரோடிருந்த காலம் எது? பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்து நிற்கும். தொலைபேசி எண் ஒற்றை இலக்கமா மூன்று இலக்கமா என்பதும் கைகொடுக்கும்.

கடைசியாக வயதானவர்கள். நாடகத்தைப் பார்த்தவர்கள் இனி கிடைக்க மாட்டார்கள், ஆனால் அங்கே கூடைப்பந்து ஆடியவர், நடனமாடியவர், பூட்டிய கதவைத் தள்ளி உள்ளே போய்த் திட்டு வாங்கியவர் இருப்பார்கள். 'அரங்கின் வரலாறு சொல்லுங்கள்' என்று கேட்டால் நூற்றாண்டு மலரையே திருப்பிச் சொல்வார்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், அடுப்பு எங்கே இருந்தது, படிக்கட்டில் எத்தனை திருப்பம், பந்து போய் எதில் இடிக்கும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற அடுப்பின் இடமும் சான்போர்ன் காட்டுகிற அடுப்பின் இடமும் ஒத்துப்போனால், அவர் சொல்கிற மற்றதையும் நம்பி எழுதலாம்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு, ஒன்று மாநில வரலாற்றுச் சங்கத்துக்கு. எந்தத் தகவல் எந்தத் தேதிப் பத்திரிகையில் எத்தனாவது பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கட்டுரையையும் அடுத்தவர் சந்தேகப்படத்தான் செய்வார், பட வேண்டும். யாராவது பழைய புகைப்படம் கொடுத்தால் ஸ்கேன் செய்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். பின்பக்கம் விவரம் எழுதப் பேனா வேண்டாம், மெல்லிய பென்சில் போதும்.